அம்ஸ்டர்டாம் கொடியின் மூன்று சிலுவைகளும் மட்டக்களப்பின் மீனும்

அம்ஸ்டர்டாமில் வசிக்கும் உங்கள் மாமா அந்நகரத்தின் கொடியைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். சிவப்பு, கறுப்பு, சிவப்பு என மூன்று பட்டைகள். நடுப்பட்டையில் பெருக்கல் அடையாளம் போல மூன்று வெள்ளைச் சிலுவைகள். தீ, வெள்ளம், கொள்ளைநோய் என்னும் மூன்று ஆபத்துகளை அவை குறிப்பதாக அங்கே யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா என்று முதலில் கேட்டிருக்கிறீர்கள். அடுத்து, மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையிலுள்ள ஒல்லாந்த முத்திரைக்கும் அந்தச் சின்னத்துக்கும் தொடர்பு உண்டா என்றும், மட்டக்களப்பு நகரச் சின்னமான மீன் பாண்டியரின் கயற்கொடியிலிருந்து வந்தது என்று ஊரில் சிலர் சொல்வதைப் பாடசாலைக் கண்காட்சிப் பலகையில் எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றே என்று எனக்குப் படுகிறது: ஒரு நகரச் சின்னத்துக்குச் சொல்லப்படும் பொருளை எப்போது நம்பலாம்?

நான் நெடுங்காலம் மட்டக்களப்பில் வரலாறு கற்பித்தவன். ஒல்லாந்தர் காலத்து நாணயங்களையும் முத்திரைகளையும் ஆர்வத்தோடு படித்து வருபவன். பழைய ஒல்லாந்தக் கையெழுத்து ஆவணங்களை நேரே வாசிக்கும் பயிற்சி எனக்கு இல்லை. அச்சில் வந்தவற்றையும் கையில் கிடைத்த பொருட்களையும் கொண்டே பேசுகிறேன். இந்தத் துறையில் நான் கைக்கொள்ளும் வழக்கம் ஒன்றுண்டு. ஒரு சின்னம் எப்போது முதன்முதலில் தென்படுகிறது என்பதையும், அதற்கான விளக்கம் எப்போது முதன்முதலில் சொல்லப்படுகிறது என்பதையும் தனித்தனியே பார்ப்பேன். பெரும்பாலும் சின்னம் முந்தியது, விளக்கம் பிந்தியது. இரண்டுக்கும் இடையிலான கால இடைவெளி அதிகரிக்க அதிகரிக்க, அந்த விளக்கத்தை ஆதாரமாகக் கொள்ளும் தகுதி குறைந்துகொண்டே போகும்.

தீ, வெள்ளம், கொள்ளைநோய் என்ற விளக்கம் இந்தச் சோதனையில் நிற்காது. அம்ஸ்டர்டாமுக்கு இந்த மூன்று ஆபத்துகளும் நேர்ந்தது உண்மைதான். 1421இலும் 1452இலும் அந்நகரத்தில் பெருந்தீ பரவியது; தாழ்வான நிலத்தில் அணை கட்டி எழுந்த ஊர் என்பதால் தண்ணீர்ப் பயம் அதற்கு ஓயாது இருந்தது; 1663, 1664ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனது. ஆனால் மூன்று சிலுவைகள் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நகரத்தின் முத்திரையில் இருக்கின்றன. ஒரு நகரத்துக்கு நேர்ந்த அழிவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கேடயத்தில் பொறிப்பது அக்கால ஐரோப்பிய வழக்கமும் அல்ல. கேடயச் சின்னம் என்பது இன்னார் ஆட்சிக்கு உட்பட்டது, இன்னாருக்கு உரியது என்று காட்டுவதற்காக ஏற்பட்டது. ஆகவே மூன்று ஆபத்துக் கதையைப் பிற்காலத்து மக்கள் வழக்கு என்று எழுதலாம். சின்னத்தின் தோற்றக் காரணம் என்று எழுதக்கூடாது.

அப்படியானால் அந்தச் சிலுவைகள் எங்கிருந்து வந்தன? இதற்கு உறுதியான ஆவணம் இல்லை. ஆனால் வலுவான ஓர் ஊகம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யான் பெர்சைன் என்பவர் சில ஆண்டுகள் அம்ஸ்டர்டாமின் பிரபுவாக இருந்தார். அவருடைய குடும்பக் கேடயத்திலிருந்தே சிலுவைகள் நகரத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இதற்குத் துணையாக நிற்பது அயலூர்களின் சான்று. அம்ஸ்டர்டாமை ஒட்டியிருக்கும் அம்ஸ்டல்வேன் நகரத்தின் சின்னத்தில் இதே வகைச் சிலுவைகள் நான்கு இருக்கின்றன. அவுடர்-அம்ஸ்டலின் சின்னத்திலும் அவை உண்டு. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒரே குறியை எண்ணிக்கை மாற்றி அணிந்திருப்பது, அவை ஒரு காலத்தில் ஒரே உரிமைக்கு உட்பட்டிருந்தன என்பதற்கு நல்ல அடையாளம். நமது பகுதியில் குடிக்குக் குடி வேறாக மாடுகளுக்குக் குறி சுட்ட வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்: பட்டியிலுள்ள மாடு கைமாறினாலும் அதன் உடம்பிலுள்ள குறி முதல் உடையவன் யாரென்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நெதர்லாந்தின் தென்பகுதியிலுள்ள பிரேடா நகரத்தின் சின்னத்திலும் சிவப்புத் தரையில் மூன்று வெள்ளைச் சிலுவைகள் இருக்கின்றன. உருவத்தை மட்டும் பார்த்தால் அம்ஸ்டல்வேனின் நான்கு சிலுவைகளைவிடப் பிரேடாவின் மூன்று சிலுவைகளே அம்ஸ்டர்டாமுக்கு நெருக்கமானவை போலத் தோன்றும். ஆனால் குறுக்குச் சிலுவை ஐரோப்பியக் கேடயங்களில் மிகப் பரவலான வடிவம். பிரேடாவையும் அம்ஸ்டர்டாமையும் இணைக்கும் ஆட்சி உறவு எதையும் அதிலிருந்து ஊகிக்க முடியாது. ஒற்றுமை மட்டும் சான்றாகாது. அந்த வடிவம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போன வழியைக் காட்ட வேண்டும். அம்ஸ்டல்வேனுக்கு அந்த வழி தெரிகிறது, பிரேடாவுக்குத் தெரியவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பாண்டியரின் கயலுக்கு வரும்போது இது தேவைப்படும்.

குறுக்குச் சிலுவைக்கு அந்திரேயாவின் சிலுவை என்று பெயர். இயேசுவின் சீடராகிய அந்திரேயா இவ்வடிவச் சிலுவையில் அறையப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. அவர் மீனவர் என்பதாலும், அம்ஸ்டர்டாம் மீனவக் குடியிருப்பாகத் தொடங்கியது என்பதாலும், இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சிலுவைக்கு அந்தப் பெயர் உண்டு என்பதற்கு மேல் அதில் உறுதியானது ஏதும் இல்லை. மீனவர் தொடர்பைத் தேடுவோர் அந்நகரத்தின் இன்னும் பழைய முத்திரையைப் பார்க்கலாம். அதில் சிலுவை இல்லை. அகன்ற வயிறுடைய ஒரு பாய்க்கப்பல், அதில் இரண்டு மனிதர்கள், அவர்களோடு ஒரு நாய். புயலில் சிக்கிய இரு மனிதரும் அவர்களது நாயும் கரையேறிய இடமே அம்ஸ்டர்டாம் ஆனது என்ற கதை இந்தப் படத்தைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது. படம் பழையது என்பது உறுதி. கதை படத்திலிருந்து பிறந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

கறுப்புப் பட்டை அம்ஸ்டல் ஆற்றைக் குறிக்கிறது என்பதும் இவ்வகையானதே. மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது. நிறங்களைப் பற்றி ஒன்று சொல்லலாம். ஐரோப்பியக் கேடயக் கலையில் பொன்னும் வெள்ளியும் உலோகங்கள், மற்றவை நிறங்கள். நிறத்தின் மேல் நிறமோ உலோகத்தின் மேல் உலோகமோ வைக்கக் கூடாது என்பது பழைய விதி, ஏனெனில் தூரத்தில் பார்க்கும்போது ஒன்றோடொன்று கலந்துவிடும். சிவப்பின் மேல் கறுப்பை வைத்திருக்கும் அம்ஸ்டர்டாம் சின்னம் இவ்விதிக்கு மாறானது. கறுப்பின் மேல் உள்ள சிலுவைகள் வெள்ளியாக, அதாவது வரைதலில் வெள்ளையாக, இருப்பது விதிக்கு உட்பட்டது. இதைத் தாண்டிச் சிவப்பு வீரம், கறுப்பு துயரம் என்றெல்லாம் பொருள் சொல்வது பிற்கால நூல்கள் தந்த வழக்கம். பாடசாலை மாணவர்களின் பலகைகளில் இத்தகைய நிறப்பொருள்களே அதிகம் இடம்பிடிக்கின்றன. உங்கள் பலகையில் அவற்றைத் தவிர்த்தால் நான் மகிழ்வேன்.

நகரத்தின் முழுச் சின்னத்தில் கேடயத்துக்கு மேலுள்ள கிரீடத்தைப் பற்றி ஊகிக்க வேண்டியதே இல்லை. புனித உரோமைப் பேரரசில் 'உரோமானியர்களின் அரசர்' என்ற பட்டத்தோடு இருந்து பின்னர் பேரரசரான மக்சிமிலியன், தமக்கு நகரம் பணத்தாலும் படையாலும் செய்த உதவிக்கு நன்றியாக, 1489இல் தமது கிரீடத்தைச் சின்னத்தின் மேல் வைத்துக்கொள்ள உரிமை அளித்தார். கடல் வணிகம் செய்யும் நகரத்துக்கு இது வெறும் அலங்காரம் அல்ல. எந்தத் துறைமுகத்தில் கப்பல் நின்றாலும் பேரரசரின் ஆதரவு பெற்ற நகரம் என்று அது பறைசாற்றும். ஆகையால்தான் 1578இல் அம்ஸ்டர்டாம் கத்தோலிக்க ஆட்சியிலிருந்து விலகிப் புரட்டஸ்தாந்து நகரமான பின்னரும் கத்தோலிக்கப் பேரரசர் தந்த கிரீடத்தை அது கைவிடவில்லை. அந்நகரத்தின் மேற்குத் தேவாலயமான வெஸ்டர்கேர்க்கின் கோபுர உச்சியில் அதே கிரீடத்தைப் பெரிய அளவில் வைத்தார்கள். அந்தக் கோபுரம் நிறைவு பெற்றது 1638இல். ஒல்லாந்தர் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியதும் அதே ஆண்டில்தான், மே 18ஆம் திகதி. உங்கள் மாமா அந்தப் பக்கம் போனால் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கேடயத்தின் இருபுறமும் நிற்கும் சிங்கங்கள் 16ஆம் நூற்றாண்டில் சேர்ந்தவை; தாங்கி நிற்கும் உருவங்கள் என்பதற்கு மேல் அவற்றில் தேட ஒன்றுமில்லை. கொடியும் புதியது. கேடயத்தில் நெடுக்காக இருந்த கறுப்புப் பட்டையைக் கிடையாகப் படுக்கவைத்து, கிரீடத்தையும் சிங்கங்களையும் நீக்கி அமைத்த இன்றைய கொடியை நகர சபை 1975 பெப்ரவரி 5ஆம் திகதி ஏற்றது. காற்றில் அசையும் துணியில் சிறு உருவங்கள் தெரியாது. மூன்று சிலுவைகள் தெரியும்.

ஆனால் கேடயத்துக்குக் கீழே உள்ள சுருளில் எழுதப்பட்டிருக்கும் மூன்று சொற்களை அவசரமாகக் கடந்துபோக என்னால் முடியாது. வீரம், உறுதி, இரக்கம் என்னும் பண்புகளை அவை சொல்கின்றன. 1941 பெப்ரவரியில், ஜெர்மனியரின் ஆக்கிரமிப்பின் கீழ், அம்ஸ்டர்டாமின் யூதக் குடியிருப்பில் நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தெருவில் வைத்துப் பிடித்துச் சென்றார்கள். அதை எதிர்த்து அம்மாதம் 25ஆம் திகதி ட்ராம் ஊழியர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினர், நகரமே நின்றது. மறுநாளைக்கு மறுநாள் வேலைநிறுத்தம் ஆயுத பலத்தால் அடக்கப்பட்டுவிட்டது. யூதர்களை அதனால் காப்பாற்ற முடியவில்லை. போர் முடியுமுன் நெதர்லாந்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மாண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆயினும் அயலவர்களுக்காகச் சாதாரண உழைப்பாளிகள் எழுந்து நின்ற அந்த நாட்களை நினைவுகூர்ந்து, 1947 மார்ச் 29ஆம் திகதி வில்ஹெல்மினா அரசி இச்சொற்களைச் சின்னத்தில் சேர்க்க உரிமை அளித்தார். மூன்று சிலுவைகளும் இந்த மூன்று சொற்களைக் குறிக்கின்றன என்றும் இப்போது சிலர் சொல்கிறார்கள். சிலுவைகளுக்கும் சொற்களுக்கும் இடையே ஐந்து நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது, எனவே அதுவும் பொருந்தாது. சொற்களுக்குச் சிலுவைகளின் துணை தேவையில்லை. அயலவன் கண்முன் பிடித்துச் செல்லப்படுவதைக் கண்ட ஊர்கள் நமது மாவட்டத்திலும் உண்டு. ஒரு நகரம் தன் சின்னத்தில் இரக்கத்தை எழுதிவைத்திருப்பதை நம்மவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனிக் கோட்டை முத்திரை. நடுவே அகன்று விரிந்த 'வீ' எழுத்து, அதன் இரு கரங்களிலும் கோத்ததுபோல ஒருபுறம் 'ஓ', மறுபுறம் 'சீ'. இது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் அடையாளம். அம்ஸ்டர்டாம் நகரத்தின் சின்னம் அல்ல. கம்பனி 1602இல் தொடங்கியபோது அதற்கு அம்ஸ்டர்டாம், சீலாந்து, டெல்ஃப்ட், ரொட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹவ்சன் என ஆறு பிரிவுகள் இருந்தன. அவற்றுள் அம்ஸ்டர்டாமே பெரியது. கம்பனியை நடத்திய பதினேழு பேர் கொண்ட மேல்சபையில் எட்டு இடங்கள் அதற்கு, நான்கு சீலாந்துக்கு. எந்தப் பிரிவுக்கு உரிய பொருள் என்று காட்ட வேண்டிய இடங்களில், பீரங்கிகளிலும் கப்பற்கொடிகளிலும், முத்திரையின் தலையில் அப்பிரிவின் முதலெழுத்தைச் சேர்ப்பார்கள். அம்ஸ்டர்டாம் என்றால் 'ஏ'. ஆகவே நீங்கள் பார்க்கும் முத்திரையில் மேலே எழுத்து இல்லையென்றால் அது முழுக் கம்பனிக்கும் பொதுவானது. காலிக் கோட்டையின் பழைய வாயிலில் 1669ஆம் ஆண்டுடன் காணப்படும் முத்திரையும் அத்தகையது. இரு சிங்கங்கள் கேடயத்தைத் தாங்க, மேலே ஒரு சேவல் நிற்கிறது.

வீடுகளில் சேர்த்து வைத்திருக்கும் ஒல்லாந்தச் செம்பு நாணயங்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முகத்தில் கம்பனி முத்திரை, அதன் கீழ் ஆண்டு, மேலே நாணயச் சாலையின் சிறு அடையாளம். மறுமுகத்தில் கிரீடம் வைத்த கேடயத்துள் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கம். அதைக் கண்டவுடன் அம்ஸ்டர்டாம் சிங்கம் என்பவரும் உண்டு, கண்டி அரசரின் சிங்கம் என்பவரும் உண்டு. அது ஹொலண்ட் மாகாணத்தின் சிங்கம். நாணயம் அந்த மாகாணத்தில் அடிக்கப்பட்டது என்று மட்டுமே அது சொல்கிறது. இடுப்புவரை அலைகளுக்குள் அமிழ்ந்து, மேற்பாதி மட்டும் தெரியும் சிங்கமாக இருந்தால் அது சீலாந்து மாகாணத்தில் அடித்தது. தேய்ந்த காசுகளில் அலைகள் அழிந்துபோய் வரிவரியாகத் தெரியும். சாய்வாக வெளிச்சம் பிடித்துப் பார்த்தால் பிரித்தறியலாம்.

சீலாந்தை இங்கே நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கம்பனியை எண்ணும்போது அம்ஸ்டர்டாம் முன்னால் வந்தாலும், மட்டக்களப்பை எண்ணும்போது சீலாந்தே முன்னால் வர வேண்டும். 1602 மே மாத இறுதியில் நமது கரையில் முதன்முதலாக நங்கூரமிட்ட ஒல்லாந்தர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன். அவர் 1601 மே மாதம் சீலாந்தின் வேர துறைமுகத்திலிருந்து செம்மறி, கடா, ஆட்டுக்குட்டி என்று பொருள்படும் பெயர்களைக் கொண்ட மூன்று கப்பல்களுடன் புறப்பட்டவர். அவர் புறப்பட்டபோது கிழக்கிந்தியக் கம்பனியே தோன்றியிருக்கவில்லை. இங்கிருந்துதான் அவர் கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னரைச் சந்தித்தார். ஆகவே மட்டக்களப்பையும் ஒல்லாந்தரையும் இணைக்கும் முதல் இழை மூன்று சிலுவைகளின் நகரத்திலிருந்து வரவில்லை. அலையிலிருந்து எழும் சிங்கத்தைச் சின்னமாகக் கொண்ட மாகாணத்திலிருந்து வந்தது. உங்கள் பலகையில் ஒல்லாந்தருக்கு ஒரு படம் வைக்க இடமிருந்தால் சீலாந்துச் சிங்கத்தை வைக்கலாம்.

கடைசியாக நமது மீன். சேரருக்கு வில், சோழருக்குப் புலி, பாண்டியருக்குக் கயல் என்பது நம் எல்லோருக்கும் பாடம். அதனால் மீனைக் கண்டதும் பாண்டியரை நினைப்பது இயல்பு. ஆனால் பிரேடாவுக்குச் சொன்னது இங்கும் பொருந்தும். பாண்டியரின் மீனும் மட்டக்களப்பின் மீனும் மீன் என்பதால் ஒன்றாகிவிடாது. பாண்டியர் சின்னம் இங்கே வந்து, இடையறாது வழங்கி, இன்றைய நகரச் சின்னமானது என்று காட்டும் வழி வேண்டும், அப்படி ஒரு வழி நமக்குத் தெரியவில்லை. மேலும், நமது மீன் பாடும் மீன். வாவியின் நீருக்குள்ளிருந்து எழும் ஓசையைச் சுற்றியே அந்த உருவமும், மீன்பாடும் தேன்நாடு என்ற பெயரும், பாலத்தடியிலும் பூங்காவிலும் நாம் காணும் கடற்கன்னிகளும் வளர்ந்திருக்கின்றன. பாண்டியரின் கயலோ ஓசையோடு தொடர்பில்லாத அரச அடையாளம்.

வாவியின் ஓசைக்கு எழுத்தில் நல்ல சாட்சி இருக்கிறது. பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்புக்கு வந்தபோது நிலவொளியில் படகில் போய் அதைக் கேட்டார். நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நுண்ணிய அதிர்வைப் போல அது இருந்தது என்றும், படகின் பலகையில் காதை வைத்தபோது தெளிவாகக் கேட்டது என்றும் 1859இல் வெளியான தமது நூலில் பதிந்திருக்கிறார். 1950களில் இங்கு பணியாற்றிய இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அந்த ஓசையை ஒலிப்பதிவு செய்தார். இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. ஓசை உண்டு என்பதில் ஐயம் இல்லை. அதை எழுப்புவது மீனா என்பதே ஐயத்துக்கு உரியது. டெனன்ட் விசாரித்தபோது நமது மீனவர்கள் மீனைச் சொல்லவில்லை. அழும் ஊரி என்று, ஓடுடைய நத்தையினமான ஊரியையே சொன்னார்கள், சில ஊரிகளை நீரிலிருந்து எடுத்துவந்தும் காட்டினார்கள். அவரும் ஊரி போன்ற உயிர்களின் பக்கமே சாய்ந்தார். எனவே கண்காட்சிப் பலகையில் பாண்டியரின் கயலை வரைவதைவிட, பாடும் மீனுக்குப் பக்கத்தில் ஓர் ஊரியை வரைந்து, அதன் கீழே 1848 என்று எழுதுங்கள். கேட்பவர்களுக்கு வாவி மீனவர்கள் அன்று சொன்னதைச் சொல்லலாம்.